சாவி திருப்பும் பேட்டரியைத் தொடாதே

பாகான் டத்தோ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டிவலிதான் மழைக்கு முன்னாடியே வந்துவிடுகிறது.

நீங்கள் வாங்கிய போட்டின் படம் பார்த்தேன். பதினாறடி ஃபைபர், நாற்பது குதிரைச் சக்தி எஞ்சின், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்பக்கம் ஒரே ஒரு பேட்டரி. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பின்னால் படமும் போட்டிருக்கிறேன்.

நீ தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது ஒரு ராத்திரி நான் வீட்டுக்கே வரவில்லையே, ஞாபகம் இருக்கிறதா? எஞ்சின் கெட்டுவிட்டது என்றேன். பொய். பூலாவ் செம்பிலான் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டு, விளக்கையும் பாட்டுப் பெட்டியையும் ஓடவிட்டுத் தூண்டில் போட்டோம். மீன் நன்றாகத்தான் கிடைத்தது. கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் டக், டக், டக். அவ்வளவுதான். தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் அத்தனை வருடம் டிராக்டருக்குப் பேட்டரி பார்த்தவன், விடியும்வரை கொசுகூட இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இறால் பிடிக்கப் போன ஒரு சீனர்தான் கயிறு கட்டி இழுத்து வந்தார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்தப் பத்தியை அவளிடம் படித்துக் காட்டாதே.

இப்போது விஷயம். போட்டுக்கு இரண்டு பேட்டரி வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை. ஒரே மூச்சில் நிறைய கரண்ட் கொடுக்கும், ஆனால் மெல்ல மெல்ல வடியவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். டீப் சைக்கிள் பேட்டரிக்குத் தடித்த தகடு, மெதுவாக இழுக்கலாம். விளக்கு, மீன் காட்டும் கருவி, ரேடியோ எல்லாம் அதில்தான். மூன்று ஆம்பியர் வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 24 ஆம்பியர்-மணி. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் இரண்டு மடங்கு, 48 வேண்டும்; 75 வாங்கினால் போதும். நூறு வாங்கினால் முப்பது கிலோ பக்கம் வரும், சின்ன போட்டு பின்னால் அழுந்தும். மாப்பிள்ளை லித்தியம் என்றாராமே. அதற்குத் தனிச் சார்ஜர் வேண்டும், இப்போது வேண்டாம் என்று சொல்.

இரண்டையும் சேர்க்க 'ஒன்று, இரண்டு, இரண்டும், ஆஃப்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்தும்போது 'இரண்டும்' என்பதிலேயே விட்டுவிட்டால் கதை பழைய கதைதான். நான் மறதிக்காரன், நீ என் மகள். அதனால் வி.எஸ்.ஆர் என்ற ரிலேயை, அதாவது வோல்டேஜைப் பார்த்துத் தானே வேலை செய்யும் சுவிட்சை, கேட்டு வாங்கு. எஞ்சின் ஓடி வோல்டேஜ் 13.5 பக்கம் ஏறியதும் அதுவே இரண்டையும் சேர்க்கும், 12.8 பக்கம் இறங்கினால் பிரித்துவிடும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். இரண்டு நெகட்டிவையும் ஒன்றாகக் கட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை ஆஃப் பக்கம் திருப்பாதே, எஞ்சினில் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ரெக்டிஃபையர் எரிந்துபோகலாம்.

தண்ணீர் இறைக்கும் பம்பை மட்டும் சுவிட்சைத் தாண்டி, அதற்கென்று ஒரு ஃபியூஸ் போட்டு நேராக டீப் சைக்கிள் பேட்டரியில் கொடு. போட்டைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனாலும் அது வேலை செய்யணும். டீப் சைக்கிள் பேட்டரியின் பெரிய ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

வயர் விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதே. நான் கார் வயர் போட்டேன். ஒரு வருடம் கழித்து உறையைக் கிழித்துப் பார்த்தால் ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு கறுத்து, விரலில் தேய்த்தால் பச்சையாய் உதிர்ந்தது. வெள்ளீயம் பூசிய வயர் வாங்கு. கையால் திருகும் காது நட்டை எடுத்துவிட்டு ஸ்பேனர் போடும் நட்டும் ஸ்பிரிங் வாஷரும் போடு. அலையில் காது நட்டு தானாகக் கழன்றுவிடும்.

உன் எஞ்சின் கொடுக்கும் சார்ஜ் கொஞ்சம்தான். வீட்டுக்கு வந்ததும் சார்ஜரில் போடு. மறுநாள் காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் இருக்கணும். 12.2 என்றால் பாதி காலி.

நவம்பரில் உங்கள் மெர்சிங் கடல் கொந்தளிக்க ஆரம்பித்தால் எப்படியும் போட்டு கரையில்தான் கிடக்கும். அப்போது முடித்துவிடு. வயர் முனையை நசுக்கிப் பொருத்தும் என் கிரிம்ப் பிளையரைப் பார்சலில் அனுப்புகிறேன், கூடவே அம்மா தேங்காய் மிட்டாய் வைத்திருக்கிறாள். பிளையரைப் பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா. மாப்பிள்ளையிடம் கொடுத்துவைக்காதே, போன தடவை கொண்டுபோன ஸ்பேனரே இன்னும் வரவில்லை.

அப்பா