கால்வாய்ப் பக்கக் கதவு: விடுதியை நடத்தும் பங்குதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குதாரர்களுக்கு,

வணக்கம். நார்தாம்ப்டன்ஷயரில், கிராண்ட் யூனியன் கால்வாயின் கரையில், நீங்கள் குத்தகைக்கு எடுத்துப் புதுப்பித்து இந்த வசந்தகாலத்தில் மீண்டும் திறந்திருக்கும் பப் என்னும் மதுவிடுதிக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக வந்துபோகும் ஒருவன், அதன் கால்வாய்ப் பக்கக் கதவை நீங்கள் மூடிவிட்டதைப் பற்றி இதை எழுதுகிறேன். நீங்கள் மூவரும் தமிழர் என்பதால் தமிழில் எழுதுகிறேன். ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் அனுப்பிய முறைப்பாடுகளுக்கெல்லாம் உங்கள் அலுவலகம் ஒரே அச்சில் வார்த்த நான்கு வரிப் பதிலை அனுப்பியிருக்கிறது. அந்தப் பதில் தமிழில் இன்னும் வார்க்கப்பட்டிருக்காது என்ற நம்பிக்கையும் இதற்கு ஒரு காரணம். உங்கள் வியாபாரத்தைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆகவே விடுதியின் பெயரையும் உங்கள் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

1997 நவம்பரில் என்னை முதன்முதலாக அங்கே அழைத்துச் சென்றவர், நான் வேலை பார்த்த பண்டகசாலையில் எனக்கு மூத்தவராக இருந்த ஓர் ஆங்கிலேயர். காரை வீதியோரம் நிறுத்தியபின், விளக்கெரிந்து திறந்திருந்த முன்வாசலைக் கடந்து, மழைச்சேற்றில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போனார். முன்னால் வாசல் இருக்க ஏன் இப்படிச் சுற்றுகிறோம் என்று கேட்டபோது, இதுதான் எங்கள் கதவு என்று மட்டும் சொன்னார். நடுவில் தேய்ந்து குழிந்த கல் வாசற்படி, கனத்த இரும்புக் கொண்டி, தலையைக் குனிந்து நுழையவேண்டிய கதவுநிலை. உள்ளே செந்நிறக் களிமண் ஓடு பாவிய தரை, சுவரோடு சேர்த்து அடித்த வாங்குகள், நிலக்கரி அடுப்பு, அடுப்புக்கு முன்னால் யாருக்கும் இடம்விடாத ஒரு கிழ நாய். மேசையில் அமர்ந்து, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்று கால்மணி நேரம் காத்திருந்தேன். பப்பில் அவரவர்தான் எழுந்துபோய் வாங்கவேண்டும் என்பதையும், வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தன் முறை எது என்பது தெரியும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

அந்த அறையின் ஒரு மூலையில் ஸ்கிட்டில்ஸ் மேசை இருந்தது. தோல் போர்த்திய மேசைமேல் ஒன்பது மரக்குற்றிகளை நிறுத்தி, 'சீஸ்' என்று அழைக்கப்படும் தட்டையான மூன்று மரவட்டுகளை எறிந்து வீழ்த்தும் ஆட்டம் அது. வட்டு தெறித்து யார் பல்லையாவது பெயர்த்துவிடாதபடி பின்னால் முக்காடுபோல ஒரு மறைப்பு இருக்கும். நார்தாம்ப்டன்ஷயருக்கும் அதன் அயலுக்கும் உரிய இந்த ஆட்டத்தை இங்கிலாந்தின் பெரும்பகுதியில் எவரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். நான் பெரும்பாலும் அரைப் பைண்ட்டோடு நிறுத்திக்கொள்கிறவன். என்னை அங்கே திரும்பத் திரும்ப இழுத்தது பீர் அல்ல, அந்த மேசையும் அந்த அடுப்பும்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கட்டடத்துக்கு இரண்டு வாசல் ஏன் என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. வீதிப்பக்கத்து அறை கம்பளம் விரித்த 'லவுஞ்ச்'. ஒரு காலத்தில் அதே பீர் அங்கே சற்று விலை கூட. உத்தியோகத்தரும் அவர்களுடைய மனைவியரும் உட்கார்ந்த இடம் அது. கால்வாய்ப் பக்கத்து அறை படகுக்காரருக்கும் பண்ணைக் கூலிகளுக்கும் உரியது. சேற்றுச் சப்பாத்தோடு வந்தால் கழுவித் தள்ளிவிட வசதியாகத்தான் தரைக்கு ஓடு. லண்டனுக்கு அருகேயுள்ள பிரெண்ட்ஃபோர்ட்டிலிருந்து நார்தாம்ப்டன்ஷயரின் பிரான்ஸ்டன் வரை இக்கால்வாயை வெட்டுவதற்கு 1793இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வில்லியம் ஜெஸ்ஸப் தலைமைப் பொறியாளராக இருந்து நடத்திய அந்த வேலை, ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் நீளமான பிளிஸ்வொர்த் சுரங்கம் 1805இல் திறக்கப்பட்டதோடு நிறைவுபெற்றது. அச்சுரங்கத்துக்குள் குதிரை நடக்கப் பாதை இல்லை. படகில் மல்லாந்து படுத்த ஆட்கள் இருட்டில் சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை மறுமுனைக்குக் கொண்டுபோனார்கள். ஏழடி அகலம்கூட இல்லாத படகின் பின்முனையில், ஏறக்குறைய பத்தடி நீள அறை ஒன்றில், ஒரு முழுக் குடும்பம் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று வளர்த்தது. அந்தக் குடும்பங்களுக்குக் கரையில் இருந்த ஒரே விறாந்தை இப்படிப்பட்ட பப்தான். குதிரைக்கு லாயமும் அங்கேயே கிடைத்தது.

என்னை முதலில் அங்கே அழைத்துச் சென்ற அந்த நண்பரின் தந்தை அப்படிப் படகில் வாழ்ந்தவர். வார்விக்ஷயரிலிருந்து சவுத்தோலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி ஏற்றிச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். 1970 அக்டோபரில் நின்றுபோன அந்த ஓட்டத்தைத்தான் இக்கால்வாய்களில் நெடுந்தூரம் முறையாகச் சரக்கேற்றிய கடைசி ஓட்டம் என்று சொல்வார்கள். நம்மவர்கள் வாரவிடுமுறையில் மரக்கறி வாங்கப் போகிறார்களே, அதே சவுத்தோல்தான். அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட லவுஞ்சுக்குள் கால்வைத்ததில்லை என்று நண்பர் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். வாசலை வைத்து ஆளைப் பிரிப்பது எப்படி என்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, புதுப்பித்த விடுதிக்கு வருகிறேன். கடந்த மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் என் மனைவியோடு வந்தேன். நல்லதை முதலில் சொல்லவேண்டும். ஒழுகிக்கொண்டிருந்த கூரையை மாற்றியிருக்கிறீர்கள். முன்பு முற்றத்தைக் கடந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு போகவேண்டியிருந்த கழிப்பறை இப்போது உள்ளேயே, சுத்தமாக இருக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டிருக்கிறீர்கள். உங்கள் குசினியில் மட்டன் ரோல்ஸும் டெவில்ட் சிக்கனும் மீன்பொரியலுக்குப் பக்கத்தில் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருப்பதைப் பார்த்துச் சில பழைய வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் பக்கம் நான் நிற்கமாட்டேன். பழைய உரிமையாளரின் காலத்தில் அங்கே கிடைத்த உணவு பொதியில் அடைத்த உருளைக்கிழங்குச் சீவலும் காடியில் ஊறிய முட்டையும்தான், அந்த முட்டையின் வயதைக் கேட்க எவருக்கும் துணிவு இருந்ததில்லை. எரிசக்திக் கட்டணமும் ஊழியர் சம்பளமும் ஏறியிருக்கும் காலத்தில் சாப்பாடு விற்காமல் ஒரு கிராமத்துப் பப் பிழைக்க முடியாது என்பதையும் அறிவேன். நீங்கள் எடுத்திராவிட்டால் அது இந்நேரம் குடியிருப்பு வீடாகியிருக்கலாம்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே இருந்த சுவரை இடித்ததற்காகவும் உங்களைக் குறைசொல்ல மாட்டேன். அந்தச் சுவர் எதற்காக எழுந்தது என்பதை மேலே எழுதிவிட்டேன். அது போனதற்குக் கண்ணீர் விட என்னால் முடியாது. ஆனால் சுவர் விழுந்தபோது மிஞ்சியது எந்த வாசல், மூடப்பட்டது எந்த வாசல் என்பதைப் பாருங்கள். கனவான்களின் வாசல் அகலமாக்கப்பட்டு, இருபுறமும் செடித்தொட்டி வைத்து, கார் தரிப்பிடத்தைப் பார்த்தபடி நிற்கிறது. படகுக்காரரின் கதவு கழற்றப்பட்டு, அந்தக் கதவுநிலையிலேயே அசையாத கண்ணாடி ஒன்று திருகாணி போட்டுப் பொருத்தப்பட்டிருக்கிறது. தேய்ந்த கல் படி கண்ணாடிக்கு வெளியே, எங்கும் போகாத படியாகக் கிடக்கிறது. போதாதற்கு, முற்றத்துக்கும் கால்வாய்க் கரைப்பாதைக்கும் நடுவே ஆளுயர மரவேலி. உள்ளே அமர்ந்திருப்பவருக்குக் கால்வாய் தெரியாது. படகுகளின் புகைபோக்கி மட்டும் வேலிக்கு மேலாக மெதுவாக நகர்ந்துபோகும்.

நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் இப்படி ஐந்து புகைபோக்கிகள் கடந்தன. ஒன்றும் நிற்கவில்லை. படகு கட்டும் இரும்பு வளையங்கள் கரையில் இன்னும் இருக்கின்றன, பிறகு போய்ப் பார்த்தேன். ஆனால் கட்டி இறங்கியவர் வேலியோரமாகப் பாலம்வரை நடந்து, நடைபாதை இல்லாத வீதியில் திரும்பி வந்தால்தான் உங்கள் வாசலை அடையலாம். நாயோடும் சேற்றுச் சப்பாத்தோடும் நடந்துவருகிறவர்களின் நிலையும் அதுவே. அப்படி வந்துசேர்ந்தவர்களையும் புதிய மரத்தரை பழுதாகிவிடும் என்று உங்கள் பணியாள் வெளி மேசைக்கு அனுப்பியதைக் கண்ணால் கண்டேன். கழுவித் தள்ளக்கூடிய ஓட்டுத்தரை இருந்த இடத்தில், சேறு படக்கூடாத தரை!

இதற்கெல்லாம் மேலாக என்னை உறுத்தியது சுவரில் இருந்த படம். கதவு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, குதிரை ஒன்று படகை இழுத்துச் செல்லும் பழைய ஒளிப்படத்தை ஆளுயரத்துக்குப் பெருப்பித்து ஒட்டியிருக்கிறீர்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் ரோஜாவும் கோட்டையும் தீட்டிய படகுக்காரரின் தண்ணீர்க் கேனில் பிளாஸ்டிக் பூ செருகியிருக்கிறது. வெளியே உண்மையான கால்வாய் ஓடுகிறது, அதை வேலியிட்டு மறைத்துவிட்டு உள்ளே அதன் படத்தை மாட்டியிருக்கிறோம் என்பது வடிவமைப்பாளருக்கு ஒரு கணமும் தோன்றவில்லையா?

நீங்கள் சட்டத்தை மீறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மரபுரிமைப் பட்டியலில் இல்லாத கட்டடத்தின் உட்புறத்தை மாற்றத் திட்ட அனுமதி தேவையில்லை. இங்கிலாந்தில் 2017 முதல் ஒரு பப்பை இடிப்பதற்கோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கோ அனுமதி வேண்டும். ஆனால் பப் பப்பாகவே இருக்கும்வரை வாங்குகளும் தரையோடுகளும் குப்பைத் தொட்டிக்குப் போவதை எவரும் தடுக்கமுடியாது. லண்டன் மைடா வேலில் கார்ல்ட்டன் டாவெர்ன் என்னும் பப் 2015இல் அனுமதியின்றி இடிக்கப்பட்டபோது, வெஸ்ட்மின்ஸ்டர் மாநகரசபை அதை முன்பிருந்தபடியே திரும்பக் கட்ட உத்தரவிட்டது. 2021இல் அது மீண்டும் திறந்தது. முன்னரே எடுத்துவைத்திருந்த படங்களும் ஆவணங்களும் அதற்குக் கைகொடுத்தன. அவ்வகை உத்தரவு எதையும் உங்கள்மேல் நான் கேட்கவில்லை. என்னிடம் 1997 முதல் எடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லவே இதை எழுதினேன். கதவின் கொண்டி எந்த உயரத்தில் இருந்தது என்பதுவரை அவற்றில் பார்க்கலாம், வேண்டுமானால் தருகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவு அல்ல. அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மீண்டும் ஒரு கதவு போடுங்கள். பழைய கதவு உங்கள் பின்கொட்டிலில் சாத்திவைக்கப்பட்டிருப்பதாக உங்கள் ஊழியரே சொன்னார். வேலியில் ஒரு படலை வையுங்கள். கதவுக்குள் பத்தடிக்காவது ஓடு பாவுங்கள், நாயும் சப்பாத்தும் அதற்குமேல் வரத் தேவையில்லை. மதுவிற்பனை உரிமத்தோடு இணைந்த கட்டட வரைபடத்தைத் திருத்தவேண்டுமே என்று தயங்குவீர்களானால், இத்தகைய வேலைக்கு உரிமச் சட்டத்தின்கீழ் சிறுமாற்ற விண்ணப்பம் பெரும்பாலும் போதும். அதன் கட்டணம் 89 பவுண், 15 வேலை நாட்களுக்குள் முடிவும் தெரிந்துவிடும். இரண்டு வாசலைக் கண்காணிக்க ஆள் போதாது என்று உங்கள் முகாமையாளர் எங்களிடம் சொன்னார். முன்பு விடுதியை நடத்திய அம்மையார் தனியொருவராக இரண்டையும் கண்காணித்தார், அவருக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல்.

பீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலக்கீழ் அறையிலிருந்து பீரை இழுக்கும் நான்கு கைப்பம்புகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்று நிற்கிறது. பீப்பாயிலேயே முதிரும் 'ஏல்' என்ற பீர் உயிருள்ள சரக்கு. நிலக்கீழ் அறையில் 11 முதல் 13 பாகை செல்சியசுக்குள் வைத்துக் காக்கவேண்டும், திறந்தபின் மூன்று நாட்களுக்குள் விற்றுத் தீராவிட்டால் புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே நான்கு வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. ஆனால் வழக்கமான 72 பைண்ட் பீப்பாயில் பாதியளவான 'பின்' என்ற சிறு பீப்பாய் இருக்கிறது. அதில் 'மைல்ட்' என்ற மென்மையான கறுப்பு பீர் ஒன்றை வாரக்கடைசியில் மட்டும் வைத்துப்பாருங்கள். படகிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தீர்த்துவிடுவார்கள், வருவதற்கு வழி இருந்தால்.

ஸ்கிட்டில்ஸ் மேசை எங்கே போனது என்று எவருக்கும் தெரியவில்லை. விற்றுவிட்டிருந்தால் யாருக்கு விற்றீர்கள் என்பதையாவது தெரியப்படுத்துங்கள்.

என் நண்பருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. நீங்கள் திறந்தபின் அவர் இன்னும் அங்கே வரவில்லை. காரில் கொண்டுவந்து முன்வாசலில் இறக்குகிறேன் என்றேன், மறுத்துவிட்டார். செப்டம்பர் முதல் சனிக்கிழமை, உறவினர் ஒருவருடைய படகில் அவரை அழைத்துக்கொண்டு கால்வாய் வழியாக வர எண்ணியிருக்கிறேன். மதியம் ஒரு மணியளவில் உங்கள் வேலிக்கு வெளியே படகைக் கட்டுவோம். கைத்தடியோடு பாலம்வரை நடந்து வீதியைச் சுற்றிவர அவரால் இயலாது. எந்த வழியாக உள்ளே வருவது என்பதை அதற்கு முன்னர் எனக்கு அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்