அந்தப் பாலூட்டல் ஆலோசகர் அக்காவுக்கு நன்றி

சிசேரியன் முடிந்த மறுநாள் காம்பு வெடித்து ரத்தம், பிள்ளையோ வீரிட்டு அழுகை, 'பால் பத்தல, பவுடர் பால் கொடுத்துடலாம்' என்று சுற்றி இருந்தவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். நீங்கள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர். யாரும் கூப்பிடாமலே என்னிடம் வந்து, தையலில் பாரம் படாதபடி தலையணை வைத்து, பிள்ளையை என் கக்கத்துக்குக் கீழே அணைத்துப் பிடிக்க வைத்து, அவள் வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பு மட்டுமில்லாமல் சுற்றியுள்ள கருவளையமும் உள்ளே போகும்படி சேர்த்தீர்கள். வலி அப்படிக் குறைந்தது! அப்புறம் என் மாமியாரிடம், முதல் சில நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும், ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுத்தால் சுரப்பு கூடும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள் (இப்போது அவரே அதை ஊருக்கெல்லாம் சொல்கிறார்). பெயர் தெரியாத அக்கா, இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். பாப்பா தாய்ப்பால்தான் குடிக்கிறாள்.