மேடை இல்லாத கூட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரில் வணிகர் ஒன்றுகூடல், தொழில்முனைவோர் சந்திப்பு, முன்னாள் மாணவர் கூட்டம் என்று ஏதேனும் ஒரு நிகழ்ச்சி அவ்வப்போது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்றிருக்கும். சிறப்பு விருந்தினர் ஏழு மணிக்கு மேல் வருவார். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிவதற்குள் பின்வரிசை காலியாகிவிடும். மிஞ்சியவர்கள் சாப்பாட்டு வரிசையில் ஏற்கெனவே பழகியவர்களோடு பேசிவிட்டு, யாரோ நீட்டிய விசிட்டிங் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கத்திகள் தேயும்போதெல்லாம் மாற்றுக் கத்தி செய்து வரக் கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்பிவந்தார். அதே வேலையைச் செய்து தரும் லேத் பட்டறை கடலூர் சிப்காட்டை ஒட்டியே இருப்பது, ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பட்டறைக்காரரும் இவரும் அதற்கு முன்பே ஒரே மண்டபத்தில், ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து ஒரே பேச்சாளருக்குக் கைதட்டியவர்கள் என்பதுதான் வேடிக்கை.

வேலை மாறியவர்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்த்துக்கொள்ளும் அறிமுகக்காரர்கள் வழியாகவே பலருக்கும் வேலை பற்றிய தகவல் கிடைத்தது என்று 1973இல் எழுதினார். நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும் என்பதால், தெரிந்தவர்களோடு மட்டும் நின்று பேசுவதற்கு ஒரு கூட்டம் தேவையில்லை.

1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு தொடங்கிய ரோட்டரி சங்கம், ஆரம்ப நாட்களில் உறுப்பினர்களின் பணியிடங்களிலேயே முறைவைத்துக் கூடியது. நமக்கும் அந்தப் பழைய முறைதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் சிப்காட் பட்டறையில், அடுத்த மாதம் பண்ருட்டி முந்திரிக் களத்தில், பிறகு முதுநகர்த் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் பிளான்ட்டில் என்று இருபது பேர் கூடி, தாம் என்ன செய்கிறோம், தமக்கு எது தேவை என்பதை மட்டும் ஆளுக்கு இரண்டு நிமிடம் சொன்னால் போதும். பொன்னாடைக்கு ஆகும் செலவில் டீயும் வடையும் தாராளமாகக் கொடுக்கலாம். ஐடிஐ, பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர்கள் சிலரையும் அழைத்தால், இங்கே என்ன வேலை இருக்கிறது என்று பார்க்காமலேயே சென்னைக்குப் பேருந்து ஏறுவது ஓரளவாவது குறையும்.

முதல் அழைப்பை மாவட்டத் தொழில் மையம் விடுத்தால் எந்தச் சங்கமும் இதைத் தன் போட்டியாக நினைக்காது. முகூர்த்த நாட்களைத் தவிர்த்து, மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்துவிட வேண்டும். அப்போதுதான் வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களும் வந்துவிட்டு நெய்வேலிக்கோ பண்ருட்டிக்கோ நேரத்தோடு பேருந்து பிடிக்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.