வீட்டு பிளான் கிடைத்தது

அன்புள்ள தம்பிக்கு,

பிளான் வந்தது. பெரிதாக அச்செடுத்து வாங்கி வந்தேன். மூன்று வாரமாகப் போன் இல்லை. வேலை இருக்கும்.

முதலில் தண்ணீர். நம் போர் தண்ணீர் உப்பு, அதில் கான்கிரீட் கலக்க விடாதே. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது என்கிறது ஐ.எஸ். 456, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி. கம்பி துருப்பிடித்து வீங்கினால் கான்கிரீட்டே வெடித்து விழும். கொத்தனார், ஊருக்கெல்லாம் இதே தண்ணிதான் என்பார். கேட்காதே. நனைப்பதற்கும் லாரித் தண்ணீர்தான்.

கலவை எம்30 தரம். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. ஈர மணலில் இருப்பதும் அதில் சேர்த்தி. கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், வேண்டும். பிளானில் 25 போட்டிருக்கிறது. உன் இன்ஜினியர் கடற்கரையில் வீடு கட்டியதில்லை போல. கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டைச் செருகுவார்கள், அது நழுவிவிடும். அதே கலவையில் கவர் பிளாக் வார்க்கச் சொல்.

நீயே சம்பாதித்துக் கட்டுகிறாய், ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனாலும் போரை இன்னும் ஆழமாக இறக்கலாம் என்று எழுதினாயே, படித்த பிள்ளை எழுதுவதா அது? நம் மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேலே நீர்மட்டம் 1 அடி இறங்கினால், நாளடைவில் கீழே உப்பு 40 அடி வரை ஏறும். ஆழம் குறைந்த கேணி, சின்ன மோட்டார், விட்டுவிட்டு இறைப்பது. அவ்வளவுதான் வழி.

பேஸ்மட்டம் 2 அடி என்று இருக்கிறது. போதாது. கடல் உயர்கிறது, காவிரி வண்டலோ அணைகளிலேயே தங்கிவிடுகிறது, அமுங்கும் டெல்டாவை நிரப்ப ஒன்றும் வருவதில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல் அன்று கடல் சேறு நின்ற கோடு திண்ணைத் தூணில் இருக்கிறது. அதற்கு மேல் 2 அடியாவது வேண்டும். தண்ணீர் விஷயத்தை மறந்துவிடாதே, லாரித் தண்ணீர்தான்.

மாடியில் 'விருந்தினர் அறை' என்று எழுதியிருக்கிறது. அது யாருக்கு என்று உங்க அம்மா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். உனக்கென்று ஓர் அறை கீழேயும் காணோம், மேலேயும் காணோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ சிங்கப்பூர் போக ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் நகை அடகு வைத்தது இல்லை. கிழக்குக் கொல்லை மணல் மேட்டை லாரி லாரியாக விற்றேன். அலையைத் தடுத்தது அந்த மேடு. மழையைப் பிடித்துவைத்துக் கேணிக்கு ஊறவிட்டதும் அதுதான். சேறு உள்ளே வந்தது அந்தப் பள்ளம் வழியாக. போர் உப்பானதற்கு இத்தனை வருஷமாக இறால் குட்டைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் பங்கும் உண்டு, என் பங்கை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உங்க அம்மாவுக்குத் தெரியும்.

தை பிறந்தால் மழை விட்டுவிடும். பேஸ்மட்டம் அளக்கிற அன்று நீ பக்கத்தில் இருந்தால் நல்லது. தூணில் கோடு தரையிலிருந்து 3 அடி 2 அங்குலம். அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா