தங்கச்சிக்கு: ஸ்பிளாஷ் மவுண்டன் மூடப்பட்டது பற்றி

அன்புள்ள தங்கச்சிக்கு,

இன்று நவம்பர் 16, இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் முதன்முதலில் வந்து இறங்கிய நாள். கோயிலில் முன்னோர் பெயரால் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த நாளில் நான் அமெரிக்காவில் இருக்கும் உன்னோடு தொலைபேசியில் பேசுவது வழக்கம் என்பதும், அந்த வழக்கம் ஏன் நின்றது என்பதும் நம் இருவருக்கும் தெரியும். பேசத் தொடங்கினால், டிஸ்னி பூங்காவின் ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற படகுச் சவாரி மூடப்பட்ட வாரத்தில் பேசிய பேச்சுக்கே திரும்பிவிடுவோம் என்று அஞ்சித்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் பார்க்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. அக்கா அந்தச் சவாரி மூடப்பட்டதைக் கொண்டாடினாள் என்று நீ உறவினரிடம் சொல்லியிருக்கிறாய். அவர்கள் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் தமிழ் படித்த பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால், அன்று நீ என்னைச் சொன்ன ஒரு சொல்லையும் அதற்கு நான் கொடுத்த பதிலையும் இங்கே எழுதப் போவதில்லை.

மூடியது சரிதான் என்று நான் சொன்னது உண்மை. இன்றும் அதையே சொல்வேன். நீ அழுதுகொண்டிருந்த நேரத்தில் அதைச் சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மா சிரித்த இடம் போய்விட்டது என்று நீ அழுதாய். நானோ உனக்கு அடிமைகளும் கூலிகளும் உழைத்த தோட்டங்களின் வரலாற்றைச் சொன்னேன். ஆனால், தங்கச்சி, அந்த வரலாற்றை நான் புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்கவில்லை.

அம்மாவோடு அந்தச் சவாரிக்குப் போன அன்று, படகில் நீயும் உன் மகளும் முன்வரிசையில் இருந்தீர்கள்; அம்மாவும் நானும் உங்களுக்குப் பின்னால் இருந்தோம். குகைக்குள் படகு மெல்ல நகர, இருபுறமும் முயலும் நரியும் கரடியும் வாயசைத்துப் பாடின. வீட்டை விட்டுப் புறப்பட்ட முயலை நரியும் கரடியும் துரத்திப் பிடிப்பதும், அது தன்னை முட்புதரில் மட்டும் எறிந்துவிட வேண்டாம் என்று கெஞ்சி, அவர்களைக் கொண்டே அங்கே எறிய வைத்துத் தப்புவதும் அம்மாவுக்கு விளக்கம் இல்லாமலேயே புரிந்துவிட்டன. கிணற்றில் சிங்கத்தைத் தள்ளிய முயலின் வம்சம் இது என்று என் காதில் சொன்னார். கடைசி ஏற்றத்தில், தலைக்கு மேலிருந்து இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் பயமுறுத்திப் பேசுமே, அங்கே என் மணிக்கட்டைப் பிடித்தார். உச்சியை அடைந்ததும் அதை விட்டுவிட்டு முன்னாலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்திலிருந்து படகு விழுந்தது. சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்ளும் அம்மாவுக்கு அன்று இரண்டு கைகளும் ஓய்வாக இல்லை. அதனால்தான் நீ வாங்கி வந்த புகைப்படத்தில் அவர் அப்படிச் சிரிக்கிறார். உனக்குப் புகைப்படம் கிடைத்தது. எனக்கு அந்தச் சத்தம் கிடைத்தது. அது என் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

நீயும் உன் மகளும் அந்தப் புகைப்படத்தை வாங்கப் போயிருந்தபோது நடந்தது உனக்குத் தெரியாது. அம்மா வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார். முடிவில் நீராவிப் படகின் மேல் வரிசையாக நின்று பாடிய பொம்மைகளைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அப்போது அவர், நேட்டால் வடகடற்கரைக் கரும்புத் தோட்டத்து பராக்ஸில், அதாவது கூலிகளின் குடியிருப்பில், தாம் சிறு பெண்ணாக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னார். ஆண்டு முடிவில் துரையின் வீட்டுக்கு விருந்தினர் வருவார்களாம். கூலிகளை மேய்க்கும் சர்தார், பராக்ஸ் பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டச் சொல்லி, அந்த வீட்டு முற்றத்தில் வரிசையாக நிறுத்திக் கும்மியடிக்கச் சொல்வாராம். எங்கள் ஆட்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று துரை விருந்தினரிடம் சொல்வாராம். அந்த வாரம் தாத்தா காய்ச்சலில் கிடந்ததால் அவருடைய கூலியில் பிடித்தம் செய்திருந்தார்கள். "பாடும்போது எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மிட்டாய் கொடுப்பாங்க இல்ல" என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. பிறகு, செலவு செய்து நம்மைக் கூட்டி வந்த பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லாதே, மனசு நோகும் என்றார். நீ படத்தோடு திரும்பி வந்ததும், "இன்னொரு தரம் போலாமா?" என்று கேட்டார். நாம் இன்னொரு தரம் போனோம்.

ஆகவே, அம்மா அந்தச் சவாரியை வெறுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அது மூடப்பட வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் உன் மனம் நோகாமல் காத்த அதே அம்மா, அந்த முற்றத்தை என் மனத்தில் வைத்துவிட்டுப் போனார். உனக்கு எல்லாவற்றிலும் நல்ல பாதியே வந்தது. மருத்துவமனை வரிசைகளில் அம்மாவோடு நின்ற ஆண்டுகளைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. நீ அனுப்ப வேண்டியதை அனுப்பினாய் என்பதையும் மறைக்க மாட்டேன்.

ஒரு கூட்டம் கூச்சலிட்டதால் மூடினார்கள் என்று நீ சொன்னாய். அது முழு உண்மை அன்று. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் அமெரிக்கப் போலீசாரால் கொல்லப்பட்டு ஒரு மாதம் கழித்து, 2020 ஜூன் 25 அன்று, சவாரியின் கதையை மாற்றப்போவதாக டிஸ்னி அறிவித்தது. முந்தைய ஆண்டிலிருந்தே அந்தத் திட்டம் இருந்ததாகவும் சொன்னது. ஆனால் காரணம் அதைவிட மிகப் பழையது. அந்த முயலும் நரியும் கரடியும் 1946இல் வெளிவந்த 'சாங் ஆஃப் தி சவுத்' படத்திலிருந்து வந்தவை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஜார்ஜியா மாநிலத்தில் நடக்கும் அந்தப் படத்தில், கறுப்பினத் தொழிலாளர்கள் பாடிக்கொண்டே வயலுக்குப் போய்ப் பாடிக்கொண்டே திரும்புகிறார்கள். அடிமைத்தனத்தின் தழும்பு ஒருவர் முதுகிலும் இல்லை. கறுப்பின மக்களின் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு அப்போதே அதை எதிர்த்தது. அதில் முயல் கதைகளைச் சொல்லும் கறுப்பின முதியவர் ரீமஸ் மாமாவாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்குப் போக முடியவில்லை. அந்த நகரில் நிறப்பிரிவினை நடைமுறையில் இருந்தது. அவருக்கு 1948இல் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். அதே ஆண்டில் அவர் இறந்தார். அவர் நடித்த படத்தைப் பார்க்க அவரையே அனுமதிக்காத ஊரை நீயும் நானும் அறிவோம், அதன் பெயர் வேறாக இருந்தாலும்.

அந்தப் படத்தை அமெரிக்கத் திரையரங்குகளில் கடைசியாக 1986இல் வெளியிட்டார்கள். அந்த நாட்டில் அது வீடியோவாகக் கூட வெளிவரவில்லை. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1989 ஜூலை 17 அன்று, அதே படத்தின் விலங்குகளையும் பாட்டையும் வைத்துக் கலிஃபோர்னியாவில் ஸ்பிளாஷ் மவுண்டனைத் திறந்தார்கள். ரீமஸ் மாமாவை அதில் சேர்க்கவில்லை. கதையில் முயலைப் பிடிக்கும் பொறியாகக் கரிய தார்ப்பொம்மை இருந்த இடத்தில் தேன்கூட்டை வைத்தார்கள். அங்கே கறை இருந்தது என்று கட்டியவர்களுக்கே முதல் நாளிலிருந்து தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கதை சொன்ன மனிதரை வெளியே நிறுத்திவிட்டு, அவர் சொன்ன கதையையும் பாட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். துரை வீட்டு முற்றத்தில் நடந்ததும் இதுதான்.

அந்த 1989 ஜூலையில் டர்பன் கடற்கரையில் நாம் எங்கே கால் நனைக்கலாம், எங்கே கூடாது என்பதைப் பலகைகள்தாம் சொல்லிக்கொண்டிருந்தன. கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கப்படும் என்று ஜனாதிபதி டி கிளர்க் அறிவித்தது அந்த நவம்பரில். அதற்கு அடுத்த வாரம் நீ எந்த இடத்தில் நின்று அழுதாய் என்பதை நான் சொல்ல மாட்டேன், அது உனக்கும் எனக்கும் மட்டும் உரியது. பலகைகளை எடுத்ததால் அங்கே விளையாடி வளர்ந்த வெள்ளைக்காரக் குழந்தைகளின் நினைவுகள் அழிந்துவிட்டன என்று அன்று யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? கேப்டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து 2015 ஏப்ரலில் வெள்ளைக் காலனி ஆட்சியாளர் ரோட்ஸின் சிலையை இறக்கியபோது எனக்கு முதலில் செய்தி அனுப்பியவள் நீதான். நம் ஊர்ச் சிலையென்றால் இறக்கலாம், உன் ஊர்ப் பொம்மையென்றால் கூடாதா? இந்தக் கேள்வி கடுமையானது என்று எனக்குத் தெரியும். இதை இவ்வளவு நாளும் விழுங்கிவைத்திருந்தேன்.

ஒப்பந்தக் கூலியும் அடிமைத்தனமும் ஒன்றல்ல என்று நீ அன்று சொன்னதை ஏற்கிறேன். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரிடமும் ஓர் ஒப்பந்தத் தாளும் ஐந்தாண்டு என்ற எல்லையும் இருந்தன. அந்த எல்லை தாண்டியும் தங்கியவர்களை விரட்டுவதற்கு மூன்று பவுன் வரி வந்தது, 1913இல் வேலைநிறுத்தம் வந்தது, மறு ஆண்டு அந்த வரி போனது. ஜார்ஜியாவின் அடிமைகளுக்குத் தாளும் இல்லை, எல்லையும் இல்லை. நம்முடைய துயரை அவர்களுடையதோடு சமமாக வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் கரும்பு வெட்டியவர்களின் பேத்திகளான நாம், தோட்டம் மகிழ்ச்சியான இடம் என்று சொல்லும் பாட்டைக் கேட்டவுடன் கொஞ்சமாவது நின்று யோசிக்க வேண்டும்.

உன் வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அந்த முயல் அடிமைகளுடையது. அதை எடுத்துவிட்டால் அவர்களுடைய கலையையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம் என்றாய். ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் அந்தக் கதைகளை 1880இல் நூலாக வெளியிட்டார். அவற்றை அவர் இளவயதில் ஒரு தோட்டத்தில் அடிமைகளின் வாயிலிருந்து கேட்டவர். அவர்களோ ஆப்பிரிக்காவிலிருந்து அவற்றைக் கொண்டுபோனவர்கள். பெரிய மிருகங்களை ஏமாற்றும் முயலின் கதைகளை நம் நாட்டிலும் சொல்கிறார்கள். சவுக்கு வைத்திருப்பவனைச் சொல்லால் வென்று தப்பும் அந்தச் சிறு பிராணியை, சவுக்கின் கீழ் இருந்தவர்களைத் தவிர வேறு யார் இவ்வளவு காலம் காப்பாற்றியிருப்பார்கள்? அந்த முயல் போனதில் எனக்கும் வருத்தம்தான். அதன் கதை அதைச் சொன்னவர்களின் பெயரோடு வேறோர் இடத்தில் சொல்லப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். அப்படி ஓர் இடத்தை டிஸ்னி அமைக்கவில்லை என்பதில் உன் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஃபுளோரிடாவிலிருந்த இதே சவாரிக்கு 2023 ஜனவரி 22 கடைசி நாளாக இருந்தது, கலிஃபோர்னியாவில் அதே ஆண்டு மே 30. கடைசி நாளுக்குப் பிறகு அந்தச் சவாரியின் நீர் என்று சொல்லிக் குடுவைகளில் அடைத்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தார்கள் என்ற செய்தியைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவருடைய அம்மாவும் அந்த நீரில் நனைந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அன்றிரவே உன்னை அழைத்திருக்கலாம். நீ எடுக்க மாட்டாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இப்போது அதே மலையில், அதே வீழ்ச்சியில், டியானாவின் கதை ஓடுகிறது. ஃபுளோரிடாவில் 2024 ஜூன் 28 அன்று திறந்தார்கள். டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியான அவள் நியூ ஆர்லியன்ஸில் சமைத்துச் சம்பாதித்து முன்னேறுகிறவள். பாதையும் படகும் பெரும்பாலும் பழையவை. மாறியவை கதையும் பாட்டும்தான். ஆகவே அம்மா விழுந்த அந்த 16 மீட்டர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, தங்கச்சி. அதை நீ ஏன் இன்னும் போய்ப் பார்க்கவில்லை? பழையதே வேண்டுமென்றால் டோக்கியோவில் அது இன்னும் இருக்கிறது. நீ அங்கே போனாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

உன் மகள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். நீயும் நானும் ஏன் பேசுவதில்லை என்று பெரியம்மாவாகிய என்னிடம் கேட்கிறாள். அந்தப் புகைப்படத்தில் ஆயா ஏன் அப்படிச் சிரிக்கிறார் என்றும் கேட்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, ஆகவே இதை அவள் இங்கே படித்துத் தெரிந்துகொள்ள மாட்டாள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதை அவளிடம் நானே சொல்லட்டுமா, அல்லது நீ சொல்கிறாயா? அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. உன் விடை வந்த பிறகுதான் எழுதுவேன்.

அன்புடன்,
அக்கா