படகுக்குப் பாரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், படகுகள் போகும் வாய்க்காலை ஆற்றுக்கு மேலே சுமந்து நிற்கும் வேல்ஸ் நாட்டுப் பொன்ட்கிசில்தே தொட்டிப்பாலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஒரு வரி மட்டும் உறுத்தியது. தண்ணீரோடு படகுகளின் பாரத்தையும் தூண்கள் சுமப்பதாக எழுதியிருந்தார்கள். கேட்டால் சரி என்றுதான் தோன்றும். ஆனால் படகு வந்தாலும் வராவிட்டாலும் தூண்களுக்கு ஒரே பாரம்தான். மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது. அந்தத் தண்ணீர் பாலத்தில் நிற்காமல் வாய்க்காலுக்குள் பரவிவிடுகிறது. நம்ப முடியவில்லையா? விளிம்பு தளும்பத் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைத் தராசில் வைத்து, ஒரு மரக்கட்டையை மிதக்க விடுங்கள். வழிந்ததைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், முள் நகர்ந்திருக்காது.

உண்மையான சுமை தண்ணீரும், அது கசியாமலிருக்க அக்காலத்தில் அப்பிய களிமண்ணும்தான். 1761இல் பொறியாளர் பிரிண்ட்லி இங்கிலாந்தில் கட்டிய பார்ட்டன் தொட்டிப்பாலத்தில் பிசைந்த களிமண்ணைக் கனமாக அப்பி, அதைத் தாங்கப் பருத்த கல்வளைவுகள் எழுப்பினார்கள். பொன்ட்கிசில்தே பாலமோ டீ (Dee) என்ற ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் நிற்கிறது; அங்கே அதெல்லாம் நடக்கிற காரியமா? அதனால்தான் வார்ப்பிரும்புத் தகடுகளைப் போல்ட் போட்டு முடுக்கிய தொட்டி. நீளம் 307 மீட்டர், தூண்கள் 18. தூண்களின் மேல்பகுதியையும் உள்ளே வெற்றிடமாகவே விட்டார்கள். தகடுகளின் இடுக்குகளில் சர்க்கரைப் பாகில் தோய்த்த கம்பளித் துணியைத் திணித்ததாகச் சொல்வார்கள்.

கட்டுரை தொடாத ஒரு நுணுக்கம்: அக்காலத்தில் படகை இழுத்த குதிரைக்கான பாதை தொட்டிக்கு வெளியே இல்லை, உள்ளேயே தண்ணீருக்கு மேல் ஓரமாகப் போகிறது. படகு முன்னேறும்போது ஒதுங்கும் தண்ணீர் அந்தப் பாதைக்கு அடியில் பின்னால் ஓடிவிடும். அந்த இடம் மட்டும் இல்லையென்றால், குறுகலான தொட்டியில் படகு ஊசிக்குழாய்த் தண்டு மாதிரி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு திணறியிருக்கும். பாதையோரம் கம்பி வேலி உண்டு. எதிர்ப்பக்கம் இரும்பு விளிம்போடு சரி. படகில் அந்தப் பக்கம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் நேரே கீழே ஆறு. தலைசுற்றல் உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

அப்புறம், பாலத்தைக் கட்டிய பெருமை முழுவதையும் பொறியாளர் டெல்ஃபோர்டுக்கே கொடுத்துவிட்டீர்கள். 1805இல் திறந்த அந்தப் பாலத்தின் வேலை நடந்தபோது வாய்க்காலின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் வில்லியம் ஜெசப். டெல்ஃபோர்டு அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார். கட்டுரையைத் தொகுப்பாக வெளியிடும்போதாவது ஜெசப் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்