அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோ-கோ விளையாட்டில் பெண்கள் அணி கோப்பையோடு வந்தது, கட்டுரைப் போட்டியிலும் பரிசு உண்டு. பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்புகள் தொடர்கின்றன. மேல் கட்டடத்துத் தண்ணீர்க் குழாயும் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஊட்டிப் பக்கம் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். அங்கே ஒரு நாயின் கழுத்தைச் சுற்றி முடியே இல்லாத ஒரு தழும்பு. கேரட் தோட்டத்துக் காவலுக்காகக் குட்டியில் கட்டிய கம்பியாம். நாய் வளர்ந்தது, கம்பி வளரவில்லை. சதைக்குள் புதைந்ததை மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். பட்டினி கிடந்து வரும் நாய்க்கு எடுத்த எடுப்பில் வயிறு நிறையப் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்குப் பல தடவை கொடுக்கிறார்கள். ஒரு கூண்டில், ஆளைக் கண்டாலே மூலையில் ஒடுங்கும் நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஏண்ணா, அதைத் தடவிக் கொடுக்க மாட்டீங்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "அதுவா வரணும் பாப்பா. இது மூணாவது வாரம்" என்றார். (ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு இதை முயன்று பார்க்கலாமா என்று எனக்கே தோன்றியது.)

பிள்ளைகள் வீட்டில் வந்து ஆசையாகச் சொல்லியிருப்பார்கள். அதன் விளைவு நாங்கள் எதிர்பாராதது. பள்ளியில் கொடுத்தால் காப்பகத்துக்குப் போய்விடும் என்று எப்படியோ பேச்சு பரவிவிட்டது. அதிலிருந்து 5 முறை பள்ளி வாசலில் நாய்க்குட்டிகள் கிடந்தன. சாக்கில், காய்கறிக் கூடையில், ஒருமுறை ஆறாம் வகுப்புப் பையனின் புத்தகப் பைக்குள்.

கடைசியாக வந்தது போன திங்கட்கிழமை. மைதானமெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் கண் திறக்காத 4 குட்டிகள். வாட்ச்மேன் பார்க்கும்போதே இரண்டு விறைத்துக் கிடந்தன. அந்த வயதுக் குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, தாயின் வயிறுதான் அதற்கு அடுப்பு. மீதி இரண்டுக்குச் சத்துணவு அம்மா பசும்பால் புகட்டினார். குட்டிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்று பிழைத்திருக்கிறது.

பெட்டியின் மேல் கூரியர் சீட்டு கிழிக்கப்படாமலே இருந்தது. பெயரைப் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அடுத்த முறை நான் சீட்டைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன். அந்தப் பெட்டியை முதலில் திறந்து பார்த்தவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

சிரமம் புரியாமல் எழுதவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் ஆறேழு குட்டிகளை வைத்துச் சமாளிக்க முடியாது. வாசலில் நாய் படுத்திருந்தால் சிறுத்தை வருகிறது என்ற பயமும் நியாயமானது. அதே சிறுத்தை பள்ளி வாசலுக்கும் வரும், இல்லையா? குட்டிகளை 8 வாரமாவது தாயிடம் விட்டு வையுங்கள். பிரித்துவிட்டால் தாய் பால் கட்டிய மடியோடு தேடி அலையும், போகிற வருகிறவர்கள் மேல் பாயும். அப்புறம் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருஷமும் இதே பெட்டிதான். எங்கே, எப்போது செய்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள், விசாரித்துச் சொல்கிறோம். காப்பகத்தில் இடம் நிரம்பியிருக்கிறது, போன் செய்யாமல் யாரும் போக வேண்டாம்.

பைக்குள் குட்டியை மறைத்து வந்த பையனின் கையில் கீறல் இருந்தது. திட்டுவார்கள் என்று வீட்டில் சொல்லவில்லை. குட்டிதானே என்று விடக் கூடாது, வெறிநோய் குட்டிக்கும் இருக்கலாம். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. கடியோ கீறலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஊசி போட்டுக்கொள்ளும் தேதிகளைத் தவற விடாதீர்கள். முக்கியமாக, சொன்னால் அடி விழாது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

பிழைத்த குட்டியை இரவெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொண்ட வாட்ச்மேன் அண்ணனுக்கும், தானாக வந்து வெந்நீர்ப் பையும் கம்பளியும் கொடுத்த ஒரு தாய்க்கும் என் மனமார்ந்த நன்றி. உங்களில் பெரும்பாலோர் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும்.

விடுமுறை முடிந்து வரும்போது பழைய கம்பளி, ஸ்வெட்டர் இருந்தால் துவைத்துக் கொடுத்தனுப்புங்கள், காப்பகத்தில் கேட்டிருக்கிறார்கள். அட்டைப்பெட்டி மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்